எல்லா மாட்யூலுக்கும் ஏசி 1 போட்டுவிட்டு "முடிந்தது" என்பவர்களிடம் ஜாக்கிரதை

பழைய லோட் லைப்ரரியை (ஓடத் தயாரான புரோகிராம்கள், அதாவது மாட்யூல்கள் இருக்கும் இடம்) ஐபிஎம் மெயின்ஃப்ரேமின் புதிய இசட்/ஓஎஸ் சிஸ்டத்துக்கு மாற்றித் தரும் வேலை ஒரு வெளி நிறுவனத்திடம் போனது. சோதனை ஜாப்கள் ஓடின, பில் வந்தது, பணமும் போய்விட்டது. ஓட வைப்பதற்கு அவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஐஎஸ்பிஎஃப் திரையின் 3.4 ஆப்ஷனில் அந்த லைப்ரரியின் மெம்பர் லிஸ்ட்டைத் திறந்தால், ஏசி (ஆத்தரைசேஷன் கோட், மாட்யூல் சிறப்பு அதிகாரத்தோடு ஓடலாமா என்று சொல்லும் குறி) என்ற பத்தியில் மேலிருந்து கீழ் வரை ஒன்று விடாமல் 1.

ஏசி 1 வேண்டியது ஜாப் ஸ்டெப்பாக ஓடும் புரோகிராமுக்கு மட்டும்தான், அதாவது ஜேசிஎல்-லில் (ஜாப்பை எழுதும் மொழி) 'எக்ஸெக் பிஜிஎம்=' என்பதற்குப் பின் வரும் பெயருக்கு. அது உள்ளே லோட் செய்யும், லிங்க் செய்யும் மாட்யூல்களுக்கு ஏசி 0 போதும். அவை ஏபிஎஃப் லைப்ரரியிலிருந்து, அதாவது சிஸ்டம் நம்பும் லைப்ரரிகளின் பட்டியலில் உள்ள ஒன்றிலிருந்து, வந்தால் சரி. வராவிட்டால் எஸ்306 என்ற அபெண்ட் (புரோகிராம் பாதியில் நிற்பது), காரணக் குறி 0சி.

எல்லாவற்றுக்கும் 1 போட்டால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. உள்ளே கூப்பிடப்படுவதற்காக எழுதிய மாட்யூல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ரெஜிஸ்டர் 1 வழியாக நம்பகமான ஒரு கன்ட்ரோல் பிளாக் வரும் என்று நினைத்து எழுதியது அது, எதையும் சரிபார்க்காது. அதற்கு ஏசி 1 இருந்தால், லைப்ரரியைப் படிக்க அனுமதி உள்ள யாரும் அதை நேரடியாக ஜாப் ஸ்டெப்பாக ஓட்டலாம். அப்போது ரெஜிஸ்டர் 1 வழியாக வருவது பார்ம் (புரோகிராமுக்கு ஜேசிஎல்-லில் எழுதித் தருவது) எழுத்துகளின் முகவரி: முதல் இரண்டு பைட் நீளம், மிச்சமெல்லாம் ஜேசிஎல் எழுதியவர் இஷ்டம். அதில் நாலு பைட்டை முகவரி என்று நம்பி மாட்யூல் அங்கே தாவினால், ஆத்தரைஸ்டு நிலையிலேயே தாவும். அங்கிருந்து மோட்செட் என்ற கட்டளை ஒன்று போட்டால் சூப்பர்வைசர் ஸ்டேட், கீ 0, அதாவது சிஸ்டத்தின் முழு அதிகாரம். அனுமதிகளைக் காக்கும் ராக்எஃப் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

மாற்றிய விதமும் குறுக்குவழிதான். பிடிஎஸ் (மெம்பர்களாகப் பிரித்த டேட்டாசெட்) லைப்ரரியில் ஏசி மதிப்பு டைரக்டரி என்ட்ரியில் இருக்கிறது. அந்த பைட்டை மட்டும் மாற்றும் கருவிகள் உண்டு, நொடியில் வேலை முடியும். ஆனால் மாட்யூலுக்குள் இருக்கும் ஐடிஆர் பதிவில் (மாட்யூலின் வரலாற்றுக் குறிப்பு) தடம் இருக்காது, லிங்க்-எடிட் தேதியும் பழையதாகவே நிற்கும். யார், எப்போது மாற்றினார் என்று ஆடிட்டர் கேட்டால் கையை விரிக்க வேண்டியதுதான். ஒவ்வொரு ஏலியாஸுக்கும் (மாட்யூலின் மாற்றுப் பெயர்) தனி டைரக்டரி என்ட்ரி, தனி ஏசி. இவர்கள் முக்கியப் பெயர்களை மாற்றிவிட்டு ஏலியாஸ்களை விட்டுவிட்டார்கள். ஏலியாஸ் பெயரில் ஓடிய ஜாப்கள் அதிகாரம் இல்லை என்று எஸ்047-ல் விழுந்தன.

அதற்குக் கண்டுபிடித்த வைத்தியம் இன்னும் மோசம். ஸ்டெப்லிப்பில் (ஜாப் ஸ்டெப் புரோகிராமைத் தேடும் லைப்ரரிகளின் கான்கேட்டினேஷன், அதாவது வரிசை) சோதனை லைப்ரரி ஒன்றை முன்னால் சேர்த்தார்கள். கான்கேட்டினேஷனில் ஏபிஎஃப் இல்லாத ஒரே ஒரு லைப்ரரி வந்தாலும் மொத்தமும் ஆத்தரைசேஷன் இழக்கும் என்பதால், ஓடிக்கொண்டிருந்ததும் நின்றது. உடனே அந்தச் சோதனை லைப்ரரியையும் 'செட்பிராக் ஏபிஎஃப்,ஆட்' கட்டளையால் ஏபிஎஃப் லிஸ்ட்டில் ஏற்றிவிட்டார்கள். டெவலப்பர்கள் எல்லோருக்கும் அப்டேட் அனுமதி உள்ள லைப்ரரி அது! சிஸ்டம் தொடங்கும்போது படிக்கும் ப்ராக்எக்ஸ்எக்ஸ் மெம்பரில் எழுதவும் இல்லை, ஆகவே அடுத்த ஐபிஎல்-லில் (சிஸ்டத்தை மறுபடி தொடங்குவது) சேர்த்ததெல்லாம் காணாமல் போய், பழைய அபெண்ட்கள் திரும்பி வந்தன. ஓட்டை அதனால்தான் வெளியே தெரிந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

முறையாகச் செய்வது பெரிய வேலை இல்லை. முதலில் ஏஎம்பிலிஸ்ட் என்ற கருவியில் லிஸ்ட்லோட் ஓட்டி, என்ட்ரி பாயின்ட், ஏலியாஸ்கள், ரென்ட், ஏமோட், ஆர்மோட் போன்ற பண்புகள் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மாட்யூலை மறுபடி கட்டித் தரும் பைண்டர், பிஜிஎம்=ஐஇடபிள்யூஎல். கன்ட்ரோல் கார்டுகள் இப்படி:

இன்க்ளூட் சிஸ்எல்மாட்(மாட்யூல் பெயர்)
என்ட்ரி என்ட்ரி-பாயின்ட் பெயர்
ஏலியாஸ் ஒவ்வொரு ஏலியாஸும்
செட்கோட் ஏசி(1)
நேம் மாட்யூல் பெயர்(ஆர்)

ரென்ட் போன்றவற்றை பார்மில் திரும்பக் கொடுங்கள், தானாக ஒட்டிக்கொண்டு வரும் என்று நம்ப வேண்டாம். ஏலியாஸ் கார்டை மறந்தால், பிடிஎஸ்-ஸில் அந்த ஏலியாஸ் பழைய பிரதியையே காட்டிக்கொண்டிருக்கும், பழைய ஏசி-யோடு. லைப்ரரி எல்எல்ஏ-வின் (டைரக்டரிகளை நினைவில் வைத்திருக்கும் சேவை) கீழ் இருந்தால் கடைசியில் 'எஃப் எல்எல்ஏ,ரெஃப்ரெஷ்'. இல்லையென்றால் டிஸ்க்கில் 1 இருக்கும், எல்எல்ஏ நினைவில் 0 இருக்கும், அரை நாள் வீணாகும். எஸ்எம்பி/இ என்ற நிறுவல் கருவி பராமரிக்கும் புராடக்ட் என்றால் அந்தக் கருவியின் எல்மாட் என்ட்ரியிலும் ஏசி=1 இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த பிடிஎஃப் (திருத்தம்) ஏறும்போது மாட்யூல் சத்தமில்லாமல் 0-க்குத் திரும்பிவிடும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்க வேண்டியது: எந்தெந்த மாட்யூலுக்கு ஏசி 1, ஒவ்வொன்றுக்கும் காரணம் என்ன. காரணம் எழுத முடியாதது 0-க்குப் போகட்டும். "எங்கள் எஸ்விசி ஒன்றைச் சேர்த்தால் ஏபிஎஃப் தொந்தரவே இல்லை" என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். கூப்பிடும் எவருக்கும் ஆத்தரைசேஷன் பிட்டைப் போட்டுத் தரும் எஸ்விசி (புரோகிராம்கள் கூப்பிடும் சிஸ்டம் சேவை) அது.

'டி ப்ராக்,ஏபிஎஃப்' கொடுத்து வரும் பட்டியலை வரிக்கு வரி டிஸ்க் வால்யூமோடு ஒப்பிடுங்கள். இந்தக் கதையில் பட்டியலில் இருந்த சில டேட்டாசெட்கள் அந்த வால்யூமில் இல்லவே இல்லை. அதே பெயரில் அங்கே டேட்டாசெட் உருவாக்க அனுமதி உள்ளவருக்கு, கேட்காமலே ஓர் ஏபிஎஃப் லைப்ரரி கிடைத்த மாதிரி. அந்த வரிகளை 'செட்பிராக் ஏபிஎஃப்,டெலீட்' கொடுத்து எடுத்துவிட்டு, ப்ராக்எக்ஸ்எக்ஸ்-ஸிலும் அழியுங்கள். பிறகு ராக்எஃப் ஃபெசிலிட்டி கிளாஸில் சிஎஸ்விஏபிஎஃப் புரொஃபைல்களைப் போட்டு, லிஸ்ட்டில் கை வைப்பவர்களைச் சிஸ்டம் புரோகிராமர்களோடு நிறுத்துங்கள்.