டீசல் ஃபில்டர்: வீட்டில் மாற்றலாமா, மெக்கானிக்கிடம் விடலாமா?

என்னிடம் இருப்பது பழைய பொலேரோ, 2523 சிசி காமன் ரெயில் டீசல் எஞ்சின். காமன் ரெயில் என்றால், டீசலை மிக அதிக அழுத்தத்தில் ஒரே பொதுக் குழாயில் தேக்கி, அங்கிருந்து இஞ்செக்டர்கள் வழியாக எஞ்சினுக்குள் பீய்ச்சும் முறை. அதன் டீசல் ஃபில்டரை சர்வீஸ் சென்டரில் மாற்றியிருக்கிறேன், தெருமுனை மெக்கானிக்கிடம் மாற்றியிருக்கிறேன். கடைசி இரண்டு முறை வீட்டு வாசலில் நானே மாற்றினேன். இனி வீட்டில்தான்.

காசு இதில் பெரிய காரணம் இல்லை. ஃபில்டரை எப்படியும் வாங்கத்தான் வேண்டும், மிச்சமாவது கூலி மட்டும். நேரக் கணக்கில் வீடு தோற்றுப்போகும். பழகிய கை இருபது நிமிடத்தில் முடிப்பதை முதல் முறை ஒன்றரை மணி நேரம் இழுத்தேன். வாரண்டி ஓடும் வண்டி என்றால் யோசிக்கவே வேண்டாம், சர்வீஸ் சென்டரில் விட்டு பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

என் மனதை மாற்றியது ஒன்றே ஒன்று: புது ஃபில்டருக்குள் டீசல் எந்த வழியாகப் போகிறது என்பது.

புது ஃபில்டர் முழுக்கக் காற்றுதான் இருக்கும். அதை வெளியேற்றாமல் செல்ஃப் அடித்தால் டீசல் போகும் வழியைக் காற்று அடைத்து (ஏர் லாக்) வண்டி கிளம்பாது. தெருமுனை மெக்கானிக் அதற்குக் குறுக்குவழி வைத்திருந்தார். வெட்டிய தண்ணீர் பாட்டிலில் இருந்த டீசலை ஃபில்டரின் நடு ஓட்டையில் ஊற்றி நிரப்பி மாட்டினார். "ரெண்டு செல்ஃப்ல எடுத்துரும் சார்" என்றார். எடுத்தது. ஆனால் நடு ஓட்டை என்பது வடிகட்டிய டீசல் வெளியேறும் வழி. சுற்றியுள்ள சின்ன ஓட்டைகள்தான் உள்ளே வரும் வழி. அதாவது பாட்டிலில் இருந்த தூசியும் பனியன் வேஸ்ட்டின் நூலும் வடிகட்டப்படாமல் நேரே பம்புக்கும் இஞ்செக்டருக்கும் போகும். பழைய டிராக்டர் எஞ்சின் இதையெல்லாம் தாங்கியிருக்கும். காமன் ரெயிலில் அழுத்தம் ஆயிரம் பாரைத் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) தாண்டும், இஞ்செக்டருக்குள் இருக்கும் இடைவெளியோ சில மைக்ரான்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). தலைமுடியே சுமார் எழுபது மைக்ரான் இருக்கும். இஞ்செக்டர் வேலை வந்தால் ஆகும் செலவுக்குக் கூடை கூடையாக ஃபில்டர் வாங்கலாம்.

வீட்டில் அவசரம் இல்லை. காலி ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் சுத்தமான டீசலைத் தொட்டுத் தடவி, கையாலேயே இறுக்கிக்கொள்கிறேன். பழைய ஃபில்டரின் அடியில் உள்ள தண்ணீர் சென்சாரைக் கழற்றிப் புதியதில் போட மறக்கக் கூடாது. அப்புறம் மேலே இருக்கும் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டு ஹேண்ட் பம்பை அடிக்க வேண்டும். இப்படி வரும் டேங்க் டீசல் சின்ன ஓட்டைகள் வழியாகவே உள்ளே போவதால் வடிகட்டப்பட்டுத்தான் வெளியேறும். முதலில் நுரை வரும், பிறகு குமிழி, கடைசியில் சுத்தமான டீசல். ஸ்க்ரூவை இறுக்கி, பம்ப் கல்லு மாதிரி ஆகும் வரை இன்னும் கொஞ்சம் அடிக்கிறேன். கை வலிக்கும், அவ்வளவுதான். செல்ஃபை ஒரே மூச்சில் போட்டு வதைக்காமல் பத்து விநாடிக்குள் நிறுத்தி, இடைவெளி விட்டுப் போட வேண்டும்.

கிளம்பவில்லை என்றால் இஞ்செக்டர் பைப் நட்டைத் தளர்த்தச் சொல்லும் பெரியவர்கள் உண்டு. பழைய டீசல் வண்டியில் அது வழக்கம். காமன் ரெயிலில் கை வைக்கவே கூடாது, பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

சர்வீஸ் சென்டரிலும் ஹேண்ட் பம்ப் அடித்துத்தான் மாற்றுவார்கள் என்று நம்புகிறேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்ததால் பார்க்கவில்லை. நான் சொல்வதெல்லாம் இரண்டு முறை மாற்றிய அனுபவம், அதுவும் ஃபில்டர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும் ஒரு வண்டியில். பெட்ரோல் கார் கதை வேறு. இப்போதைய பல கார்களில் ஃபில்டர் டேங்குக்குள்ளேயே பம்போடு சேர்ந்து இருக்கிறது. பெட்ரோல் ஆவி சூழ்ந்த அந்த வேலையை வீட்டில் தொட மாட்டேன்.

வீட்டில் செய்வதில் இன்னொரு லாபம்: பழைய ஃபில்டர் நம் கையில் இருக்கும். அதில் இருந்ததைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ஒரு ராத்திரி வைத்தேன். காலையில் அடியில் ஒரு விரற்கடை அளவு தண்ணீர் நின்றது. அன்றிலிருந்து வேறு பெட்ரோல் பங்க்கில்தான் டீசல் போடுகிறேன்.