சுற்றாத வாஷிங் மெஷின்: ரிப்பேரா, முழு ஆட்டோவா, டோபியா?

துவைக்கிறது, ஆனால் பிழிய மாட்டேன் என்கிறது. எங்கள் இரட்டைத் தொட்டி மெஷின் இப்படி அடம்பிடித்ததும் வீட்டில் ஆளுக்கொரு யோசனை. மகளுக்கு எல்லாம் தானாகவே செய்யும் முழு ஆட்டோ மெஷின் வேண்டும். வீட்டுக்காரருக்கு டோபிக் கடைக்குக் கொண்டுபோனால் போதும். நான் ரிப்பேர் பக்கம். கடைசியில் ரிப்பேர்தான் செய்தோம். பேராக்கின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டங்களை ஒட்டிய டவுனில் இருப்பவர்கள் முதலில் அதைத்தான் யோசிக்க வேண்டும் என்பது என் கட்சி. ஒரு பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன், தெரிந்தே படியுங்கள்.

டோபியை முதலில் முடித்துவிடலாம். காசு போட்டுத் துவைக்கும் கடை இப்போது எந்த டவுனில்தான் இல்லை? துவைத்து, காயவைத்து எடுக்கக் கூடைக்குப் பத்து வெள்ளி (ரிங்கிட்) பக்கம் ஆகும். வாரம் மூன்று கூடை என்றால் மாதம் 120 வெள்ளி. நான்கு மாதக் காசில் ஒரு புது இரட்டைத் தொட்டியே வந்துவிடும். போர்வைக்கும், தீபாவளிக்கு முன்னால் திரைச்சீலைக்கும், அக்டோபர் நவம்பர் மழைக்கும் டோபி நல்லதுதான். அன்றாடத்துக்கு ஆகாது. செம்பனைக் காட்டுச் சேறோடு வரும் சட்டையை, அடுத்த ஆள் பிள்ளைத்துணி போடப்போகும் மெஷினில் போட எனக்கு மனமும் வரவில்லை.

முழு ஆட்டோவின் சௌகரியத்தை நான் மறுக்கவில்லை. துணியைப் போட்டு, மூடி, பட்டனைத் தட்டிவிட்டு வேலைக்குப் போகலாம். இரட்டைத் தொட்டியில் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அலசிய துணியைத் தூக்கி அடுத்த தொட்டியில் போட வேண்டும். முதுகுவலி உள்ளவர்களுக்கு இது தண்டனை. விலையில் இரட்டைத் தொட்டி ஏறக்குறைய பாதி. மின்கட்டணத்தில் கண்ணில் படும் வித்தியாசம் எதையும் நான் பார்த்ததில்லை. தண்ணீர் நம் கையில் இருக்கிறது. ஒரே சோப்புத் தண்ணீரில் முதலில் பள்ளிச் சீருடை, பிறகு வீட்டுத்துணி, கடைசியில் தோட்டத்து உடுப்பு என்று மூன்று ஈடு போடலாம். முழு ஆட்டோவில் அது நடக்காது.

ஆனால் நான் முடிவெடுத்தது இதையெல்லாம் வைத்து இல்லை. நின்றுபோனால் யார் வந்து பார்ப்பார், சாமான் எங்கே கிடைக்கும்? இந்த இரண்டும்தான்.

இரட்டைத் தொட்டியின் பிழியும் பக்கத்தில் பெரிய மர்மம் ஒன்றும் கிடையாது. தொட்டிக்கு நேர் கீழே ஒரு மோட்டார். மூடியைத் திறந்தால் பிரேக் பிடித்துக்கொள்ளும், மின்சாரமும் துண்டிக்கப்படும். மூடினால் ஒரு கம்பி பிரேக்கை விடுவிக்கும், மூடிக்குக் கீழே உள்ள சுவிட்ச் மோட்டாருக்கு மின்சாரம் விடும். நேரத்துக்கு ஒரு திருகு, மோட்டாரைக் கிளப்பிவிட ஒரு கெப்பாசிட்டர். அவ்வளவுதான். அதனால் என்ன கோளாறு என்று காதாலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். மூடியபிறகு சத்தமே இல்லை என்றால் சுவிட்ச் அல்லது திருகு. ‘உம்ம்’ என்று முனகிக்கொண்டு தொட்டி அசையாமல் நின்றால் கெப்பாசிட்டர், இல்லையென்றால் விடாமல் பிடித்திருக்கும் பிரேக். சுற்ற ஆரம்பித்துத் தடதடவென்று முட்டினால், துணியை ஒரு பக்கமாகக் குவித்திருப்பீர்கள். உள்தொட்டிக்கும் வெளித்தொட்டிக்கும் நடுவில் பிள்ளைகளின் காலுறை ஒன்று நழுவி இறங்கி அச்சில் சுற்றிக்கொள்வதும் உண்டு. ஆளைக் கூப்பிடுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள்.

எங்களுடையது முனகியது. ரிப்பேர்கார அண்ணன் பின்தகட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, “மோட்டாரு நல்லா இருக்கு அக்கா, கெப்பாசிட்டர்தான் போச்சு” என்றார். 450 வோல்ட், 5 மைக்ரோஃபாரட் என்று அதன் மேலேயே எழுதியிருந்தது. எழுதியிருப்பது பொருந்தினால் போதும், எந்தக் கம்பெனி மெஷின் என்பது முக்கியமில்லை. டவுன் எலக்ட்ரிக் கடைத் தவுக்கேயிடம் (முதலாளியிடம்) பழையதைக் காட்டி வாங்கியாயிற்று. சாமானுக்கும் கூலிக்குமாக 60 வெள்ளி, தளர்ந்திருந்த பிரேக் கம்பியை இழுத்துக் கட்டியதும் அதிலேயே அடக்கம். (பிளக்கைப் பிடுங்கினாலும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். நாமே கைவைக்கிற இடம் இல்லை அது.)

இதே கோளாறு முழு ஆட்டோவுக்கு வந்தால்? மேலே திறக்கும் வகையில் பெரும்பாலும் ஒரே மோட்டார்தான் துவைப்பதும் பிழிவதும். தண்ணீர் வெளியேறும் வழியைத் திறக்கிற சிறு மோட்டாரே பல மாடல்களில், துவைப்பதிலிருந்து பிழிவதற்கு மாற்றும் கிளட்சையும் மாற்றிவிடும். அது இழுக்கவில்லை என்றால் தண்ணீரும் போகாது, பிழியவும் பிழியாது. தண்ணீர் போனபிறகும், தொட்டி காலி என்று சென்சார் சொன்னால்தான் அடுத்த வேலை. இத்தனைக்கும் மேலே ஒரு எலக்ட்ரானிக் போர்டு உட்கார்ந்து உத்தரவு போடுகிறது. அந்தப் போர்டு மாடலுக்கு மாடல் வேறு. டவுன் கடையில் கேட்டால் பக்கத்துப் பெரிய நகரமான ஈப்போவில் கேட்கச் சொல்வார்கள், ஈப்போவில் கேட்டால் ஆர்டர் போடச் சொல்வார்கள். மெஷின் கொஞ்சம் பழசாகிவிட்டால் அந்த மாடலுக்குப் போர்டே வராமல் போகலாம். வந்தாலும் விலையைக் கேட்டபிறகு புதுசே வாங்கலாம் போலிருக்கும்.

நம் பக்கத்து இடியை வேறு கணக்கில் சேர்க்க வேண்டும். சாயங்காலம் வானம் கறுத்தால் போதும், டிவி பிளக்கைப் பிடுங்க ஓடுகிற நாம் வாஷிங் மெஷினை மறந்துவிடுவோம். போர்டு உள்ள சாமானுக்கு அந்த மறதி செலவு வைக்கும். சூட்டுக்குப் பல்லி உள்ளே போய்ப் போர்டு கருகுவதும், எலி அடியில் புகுந்து ஒயரைக் கடிப்பதும் ரிப்பேர் கடைகளில் தினமும் கேட்கிற கதை. எலி இரட்டைத் தொட்டியையும் விடாது என்பது உண்மைதான், ஆனால் ஒயரை ஒட்டிவிடலாம். பத்து வருட வாரண்டி என்று பெரிதாக ஒட்டியிருப்பார்கள், அது பெரும்பாலும் மோட்டாருக்கு மட்டும். போர்டுக்கு எத்தனை வருடம் என்று கடையிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள்.

பிழிவதிலும் சின்னத் தொட்டிதான் ஜெயிக்கிறது. பல இரட்டைத் தொட்டி மெஷின்கள் நிமிடத்துக்கு 1,300 சுற்றுக்கு மேல் ஓடும். மேலே திறக்கும் முழு ஆட்டோ 700 பக்கம்தான். மத்தியானம் மழை பிடித்துக்கொள்ளும் ஊரில், அஞ்சடியில் (வீட்டு முன்பக்கக் கூரை நடையில்) கட்டிய கொடியிலேயே மறுநாள் காலைக்குள் சீருடை காய்கிறது என்றால் அதற்கு இதுதான் காரணம்.

முன்பக்கம் திறக்கும் மெஷினைப் பற்றி நான் அதிகம் பேசக்கூடாது. தங்கை வீட்டில் பார்த்ததோடு சரி. நன்றாகவே பிழிகிறது, சத்தமும் குறைவு. ஐந்து வருடம் கழித்து எப்படி இருக்கும் என்று அவளிடம்தான் கேட்க வேண்டும்.

எல்லா மெஷினையும் ரிப்பேர் செய்யச் சொல்லவில்லை. அச்சைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் கிழிந்து தண்ணீர் மோட்டாருக்குள் இறங்கியிருந்தாலோ, அடித்தகடு துருப்பிடித்து உதிர்ந்தாலோ காசைக் கொட்டாதீர்கள். ஒரு ரிப்பேருக்குப் புது இரட்டைத் தொட்டி விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கேட்டால் நான் புதுசு வாங்கிவிடுவேன். பழையதை விற்றால் ஏதாவது வரும் என்று நம்ப வேண்டாம், பழைய இரும்பு லோரிக்காரர் தருவது டீ செலவுக்குத்தான் ஆகும். கணவன் மனைவி இரண்டு பேரும் காலை ஆறு மணிக்கே வேலைக்குக் கிளம்பும் வீடாக இருந்தால் முழு ஆட்டோவே வாங்குங்கள். ஆனால் பட்டன் குறைந்த மாடலாக, அந்தக் கம்பெனி சாமான் ஈப்போவில் கிடைக்குமா என்று ரிப்பேர்காரரிடம் கேட்டுக்கொண்டு வாங்குங்கள். விற்கிறவரிடம் கேட்காதீர்கள்.