எளிய நாடு ஏன் முதலில் அடிக்கிறது: டி.வி. பால் புத்தகம், ஒரு மதிப்புரை

வாங்க நினைப்பவர்களுக்கு முதலிலேயே ஒரு எச்சரிக்கை. 'ஏசிமெட்ரிக் கான்ஃப்ளிக்ட்ஸ்' (சமமற்ற மோதல்கள்) என்ற பெயரைப் பார்த்து கெரில்லாப் போர், வியட்நாம் காடு, ஆயுதக் குழுக்கள் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். சரக்கு துணைத் தலைப்பில் இருக்கிறது: 'வார் இனிஷியேஷன் பை வீக்கர் பவர்ஸ்'. அரசுக்கும் அரசுக்கும் நடந்த போர்கள், அதிலும் பலம் குறைந்த தரப்பே தொடங்கியவை. கேரளத்தில் பிறந்து கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான டி.வி. பால் எழுதி, 1994-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்டது.

ஆறு போர்கள், ஆளுக்கொரு அத்தியாயம். 1904-இல் ரஷ்யா மீது ஜப்பான், 1941-இல் அமெரிக்கா மீது அதே ஜப்பான், 1950-இல் கொரியாவுக்குள் சீனா, 1965-இல் காஷ்மீரில் பாகிஸ்தான், 1973-இல் சினாயில் இஸ்ரேல் மீது எகிப்து, 1982-இல் பிரிட்டன் வசமிருந்த ஃபாக்லாந்துத் தீவில் அர்ஜென்டினா. ஆறிடமும் கேட்பது நான்கே கேள்வி. திட்டம் அளவான நோக்கத்தோடு சீக்கிரம் முடிகிற மாதிரி இருந்ததா? அந்தக் கொஞ்ச காலத்துக்குப் போதுமான தாக்குதல் ஆயுதம் கையில் இருந்ததா? திருப்பி அடி விழுந்தால் தாங்கிப் பிடிக்க ஒரு வல்லரசு பின்னால் நின்றதா? உள்நாட்டில் அதிகாரம் யார் கைக்கு மாறியிருந்தது?

வெறி, தப்புக்கணக்கு என்று ஒரே சொல்லில் கோப்பை மூடிவிடும் பழக்கத்துக்கு இது நல்ல மருந்து. எதிரியின் மொத்த பலம் என்ன என்பது எளிய நாட்டுக்கும் தெரியும். அந்தப் பலம் களத்துக்கு வந்து சேர எத்தனை நாளாகும் என்பதைத்தான் அது எண்ணுகிறது. 1904-இல் ரஷ்யாவின் படை பத்து லட்சத்தைத் தாண்டும். தூரக் கிழக்கில் நின்றது 1 லட்சத்தை ஒட்டித்தான். மிச்சப் பேரைக் கொண்டுவர இருந்தது ஒற்றைத் தண்டவாளம், அதிலும் பைக்கால் ஏரியைச் சுற்றிப் போகும் துண்டு முடியவில்லை. இன்னொரு நாடு ரஷ்யாவோடு சேர்ந்து இறங்கினால் தானும் இறங்குவதாக 1902 ஒப்பந்தத்தில் பிரிட்டன் வாக்குக் கொடுத்திருந்ததால், ரஷ்யாவின் கூட்டாளியான பிரான்ஸ் ஒதுங்கியே நின்றது.

கோட்பாட்டு அத்தியாயத்தில் தொடங்காதீர்கள். நடை வறட்சி, ஆய்வேடு வாசிக்கிற களைப்பு வந்துவிடும். சினாய் அத்தியாயத்தைப் படித்துவிட்டுத் திரும்பி வந்தால் நான்கு கேள்விகளும் தாமாகவே பிடிபடும். எகிப்தின் திட்டம் எவ்வளவு அளவாகப் போடப்பட்டது என்பதற்குக் களமே சாட்சி. சூயஸ் கால்வாயின் கிழக்குக் கரையில் இஸ்ரேல் எழுப்பியிருந்த மணல் மேடு சில இடங்களில் 20 மீட்டர் உயரம். வெடி வைத்தால் மணல் சரிந்து பிளவை மறுபடி மூடிக்கொள்ளும். அஸ்வான் அணை வேலையில் இருந்த ஒரு பொறியாளர்-அதிகாரி சொன்ன யோசனை, கால்வாய்த் தண்ணீரையே பீய்ச்சி மேட்டைக் கரைப்பது. பிரிட்டிஷ், ஜெர்மன் பம்புகளாக 450 சேர்த்தார்கள். 1973 அக்டோபர் 6 பிற்பகல் 2 மணி வாக்கில் தொடங்கியது. சில மணி நேரத்தில் மேட்டில் வழிகள் திறந்தன, ஐந்து டிவிஷன்கள் கடந்தன.

எவ்வளவு தூரம் போகலாம் என்பதை முடிவு செய்தது விமானங்களைச் சுட்டு வீழ்த்தும் சாம் ஏவுகணை. மேற்குக் கரையில் நின்ற அந்தக் குடையின் நிழல் கிழக்கே சுமார் 10 கிலோமீட்டர்தான். நிழலுக்குள் நின்றவரை இஸ்ரேலிய விமானங்கள் கிட்டே வரத் திணறின. எதிர்த்து வந்த டாங்கிகளை சாகர் ஏவுகணை பார்த்துக்கொண்டது. அக்டோபர் 14 அன்று, சிரியா மேல் இருந்த அழுத்தத்தைக் குறைக்க, குடையை விட்டு வெளியே வந்தார்கள். ஒரே நாளில் சுமார் 250 டாங்கிகள் போயின. மறுநாள் இரவே இஸ்ரேலியப் படை கால்வாயைத் தாண்டி மேற்குக் கரையில் கால் வைத்தது. அப்படியும் எகிப்து அதிபர் சதாத் நினைத்தது நடந்தது: 1979-இல் இஸ்ரேலோடு உடன்படிக்கை, 1982 ஏப்ரலில் தாபா என்ற சிறு பகுதி தவிர சினாய் முழுவதும் திரும்பக் கைக்கு வந்தது.

போர் ஏன் தொடங்கியது என்பதற்கு பாலின் கருவி கச்சிதம். குடைக்குள் நின்றிருக்க வேண்டியவர்கள் ஒன்பதாம் நாள் ஏன் வெளியே வந்தார்கள் என்று கேட்டால் அது ஊமையாகிவிடுகிறது. துணைத் தலைப்பே 'தொடக்கம்' என்றுதான் சொல்கிறது என்று ஆசிரியர் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் இத்தகைய திட்டங்கள் சொதப்புவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நம் வாசகர்கள் முதலில் புரட்டப் போவது 1965 அத்தியாயத்தை. 1962-இல் சீனாவிடம் வாங்கிய அடிக்குப் பிறகு இந்தியா தரைப்படையை 8,25,000 வீரர்களாகவும் விமானப்படையை 45 ஸ்குவாட்ரனாகவும் பெருக்கத் திட்டமிட்டது. அது நிறைவேறுவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும் என்ற அவசரம் பாகிஸ்தான் ராணுவத் தலைமையகமான ராவல்பிண்டிக்கு. 1954 முதல் வந்த அமெரிக்க உதவியில் பாட்டன் டாங்கியும் சேபர், ஸ்டார்ஃபைட்டர் விமானங்களும் கையில் இருந்தன. ஏப்ரலில் நடந்த கட்ச் மோதல் துணிச்சலையும் கொடுத்தது. ஆகஸ்டில் ஊடுருவல், செப்டம்பர் 1-இல் அக்னூரை நோக்கி டாங்கிகள். கணக்கு மூன்று இடத்தில் உடைந்தது. எழுவார்கள் என்று நம்பிய காஷ்மீர் மக்கள் எழவில்லை. செப்டம்பர் 6-இல் இந்தியா லாகூர் பக்கம் சர்வதேச எல்லையையே தாண்டியது. இரண்டு நாள் கழித்து அமெரிக்கா இரு தரப்புக்கும் ஆயுதத்தை நிறுத்த, அமெரிக்கத் தளவாடத்தையே நம்பிய படைக்குத்தான் உதிரிபாகம் முதலில் தீர்ந்தது. ஆயுதம் கொடுப்பவரும் தாங்கிப் பிடிப்பவரும் ஒருவரே என்று நினைத்துக்கொண்டதன் விலை அது.

ஒரு முணுமுணுப்பும் உண்டு. அன்றைய டாங்கி எண்ணிக்கையில் பாகிஸ்தான் இந்தியாவுக்குச் சளைத்ததல்ல. அந்த இடைவெளியையும், எஃகு உற்பத்தியில் பத்து மடங்கு மேலே நின்ற அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் இருந்த இடைவெளியையும் ஒரே அளவுகோலில் வைப்பது சரியாகப்படவில்லை. 1941-க்குச் சட்டகமே கொஞ்சம் இறுக்கமான சட்டை. ஜப்பானின் எண்ணெயில் ஏறத்தாழ 80 சதவீதம் அமெரிக்காவிலிருந்து வந்தது. ஆகஸ்டில் அது நின்றது. இருப்பு சுமார் இரண்டு ஆண்டுக்குத்தான். 1940 ஜூலையிலேயே அமெரிக்கா கடற்படையை 70 சதவீதம் பெருக்கச் சட்டம் போட்டிருந்தது. ஜெர்மனியோடு ஒப்பந்தம் இருந்தது, ஆனால் பசிபிக்கில் ஜெர்மனியால் என்ன செய்துவிட முடியும்? முதல் காரணம் எண்ணெய் டாங்கில் இருக்கிறது; நான்கு கேள்விகளில் அதற்கென்று ஓர் இடம் இல்லை.

ஆறில் பழசாகிப்போனது சீன அத்தியாயம். ஸ்டாலின்–மாவோ தந்திகளில் பலவும் புத்தகம் வந்த பிறகுதான் ஒவ்வொன்றாக வெளியாயின. சோவியத் விமானப் பாதுகாப்பு உடனே கிடைக்காது என்று தெரிந்த பின்னும் சீனப் படை அக்டோபர் 19-இல் யாலு நதியைக் கடந்தது என்பது இன்று தெளிவு. வல்லரசுத் துணை பற்றிய கேள்விக்கு இங்கே கிடைக்கும் விடை, புத்தகம் சொல்வதைவிடப் பலவீனமானது.

ஃபாக்லாந்து பகுதி சுருக்கமாகப் படிக்கத் தோதானது. உள்நாட்டுக் கேள்விக்கு அதைவிட நல்ல உதாரணம் இல்லை. கப்பலைத் தாக்கும் எக்ஸோசே ஏவுகணை அர்ஜென்டினா கேட்டது 14, பிரான்ஸிலிருந்து வந்திருந்தது 5. இன்வின்சிபிள் என்ற விமானந்தாங்கிக் கப்பலை ஆஸ்திரேலியாவுக்கு விற்க பிரிட்டன் அப்போதுதான் முடிவு செய்திருந்தது. சில மாதம் பொறுத்திருந்தால் எதிரி இளைத்திருப்பான், தான் கொழுத்திருக்கலாம். மார்ச் 30-இல் பியூனஸ் அயர்ஸ் தெருவில் ராணுவ ஆட்சிக்கு எதிராகத் தொழிற்சங்கக் கூட்டம். ஏப்ரல் 2-இல் தீவில் படை. இன்னொரு பிரிட்டிஷ் தீவான தெற்கு ஜார்ஜியாவில் எழுந்த தகராறும் முந்திக்கொண்டது.

பெரிய குறை ஒன்றுதான்: ஆறும் போர் வெடித்த கதைகள். நான்கும் கூடியிருந்தும் கையைக் கட்டிக்கொண்டிருந்த நாட்டுக்கு ஓர் அத்தியாயம் இல்லை. அது இல்லாமல் இந்தக் கேள்விகளை வைத்து இனி வரப்போவதைக் கணித்துச் சொல்லக் கூடாது.

நடந்ததைப் பிரித்துப் பார்க்க மட்டும் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஒரு தாளில் நான்கு பத்தி, கூடவே ஐந்தாவதாக 'வாய்ப்பு கைநழுவும் நாள்' என்று நீங்களே ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். பிறகு புத்தகத்துக்குப் பின் வந்த கார்கிலை நிரப்பிப் பாருங்கள். அளவான நோக்கம், முன்கூட்டியே மலைமுகடுகளைப் பிடித்துக்கொள்ளும் திட்டம்: டிக். முந்தைய ஆண்டின் அணுகுண்டுச் சோதனையை ஆயுதப் பத்தியில் போடுவதா, கேடயம் என்று மூன்றாம் பத்தியில் போடுவதா என்று கொஞ்ச நேரம் பேனா நிற்கும். வல்லரசுத் துணை என்ற இடம் காலி: சீனா ஒதுங்கியது, 1999 ஜூலை 4-இல் நவாஸ் ஷெரீஃப் வாஷிங்டன் போய்ப் படையைத் திரும்பப் பெற ஒப்புக்கொண்டார். நான்காவது பத்தியில் முஷாரஃப் பெயரை எழுதும்போது அவர் ஆட்சியைக் கைப்பற்றிய, அதே ஆண்டு அக்டோபர் 12 என்ற தேதியையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.