ஜால்வியூ: கேப் விஷயத்தில் நம்பி எடுக்கலாம்

புரத சீக்வென்ஸ்களை, அதாவது அமினோ அமில எழுத்து வரிசைகளை, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிப் பார்க்க எந்த மென்பொருள் நல்லது என்று கேட்டால் ஜால்வியூவைத்தான் சொல்வேன். ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறது, இலவசம், சோர்ஸ் கோடும் திறந்தே இருக்கிறது. வண்ணம் தீட்டுவது, எது எதற்கு நெருங்கிய உறவு என்று காட்டும் மரம் வரைவதெல்லாம் மற்றவற்றிலும் கிடைக்கும். எனக்கு இதில் பிடித்தது கேப்பை, அதாவது வரியில் எழுத்து இல்லாத இடத்தைக் காட்டும் ‘-’ குறியை, அது கையாளும் விதம்.

எடிட் மெனுவில் ‘பேட் கேப்ஸ்’ என்று ஒரு தேர்வு உண்டு. அதை டிக் செய்தால் வரிகள் எல்லாம் ஒரே நீளத்துக்கு வரும்படி ஓரங்களில் கேப் நிரப்பிவிடும், இரு முனையிலும் வெறுமையாகக் கிடக்கும் நெடுவரிசைகளையும் எடுத்துவிடும். மரம் கணக்கிடுவது போன்ற வேலைகளுக்கு எல்லா வரியும் சம நீளத்தில் இருந்தாக வேண்டும் என்பதால் இது பெரிய உதவி.

ஆனால் இங்கேதான் கவனம் வேண்டும். மனித ஹீமோகுளோபினில் ஆல்பா சங்கிலிக்கு 141 அமினோ அமிலம், பீட்டாவுக்கு 146. அலைன் செய்யாமல், அதாவது ஒத்த இடங்கள் ஒரே நெடுவரிசையில் வரும்படி பொருத்தாமல், பேட் மட்டும் செய்தால் ஆல்பாவின் வாலில் 5 கேப் சேர்ந்து நீளம் சரியாகிவிடும், பார்க்கவும் ஒழுங்காக இருக்கும், ஆனால் ஆக்சிஜன் பிணையும் இடத்துக்குப் பக்கத்திலுள்ள ஹிஸ்டிடின் ஆல்பாவில் 58ஆவது, பீட்டாவில் 63ஆவது, இரண்டும் ஒரே நெடுவரிசையில் வராது. அதை வைத்து வரைந்த மரத்தை எப்படி நம்புவது? முதலில் அலைன்மென்ட், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

இன்னொன்று, ‘ஷோ கேப்ஸ்’ஸை அணைத்தால் கேப் எல்லாம் வெற்றிடமாகத் தெரியும். படம் அழகாக இருக்கும் என்று சிலர் அப்படியே வேலை செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, ஏனென்றால் நிரப்பிய கேப் எது, சீக்வென்ஸே முடிந்துபோன இடம் எது என்று கண்ணுக்குப் பிரிந்து தெரியாது. திருத்தும்போது கேப்புக்கான ‘-’ குறி தெரியட்டும். ஷிஃப்டைப் பிடித்து இழுத்தால் ஒரு வரி மட்டும் நகரும், தேர்ந்தெடுத்த குழு மொத்தமாக நகர கன்ட்ரோல். இரண்டு நாளில் கை பழகிவிடும்.

லேஅவுட்டில் மதிப்பெண் கொஞ்சம் குறைப்பேன். நீண்ட வரிகளை மடித்துக் காட்டும் ‘ராப்’ போட்டால் வரிக்கு எத்தனை எழுத்து என்பது விண்டோவின் அகலத்தைப் பொறுத்து மாறுகிறது. ஜென்பேங்க் என்ற சீக்வென்ஸ் தரவுத்தளத்தின் கோப்பில் வரிக்கு 60 எழுத்து, பத்துப் பத்தாகப் பிரித்து இருக்கும், அதில் பழகிய கண்ணுக்கு இது உறுத்தும். ஆகவே படமாக எடுக்கும் முன் விண்டோவை இழுத்துத் தேவையான அகலத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். கன்சென்சஸ் (ஒவ்வொரு நெடுவரிசையிலும் அதிகம் வரும் எழுத்து) முதலான பட்டைகளும் ஒவ்வொரு தொகுதிக்கும் கீழே திரும்பத் திரும்ப வந்து பக்கத்தை விழுங்கும், தேவையில்லை என்றால் அணைத்துவிடலாம். பெயருக்குப் பின்னால் ‘/1-141’ என்று ஒட்டிக்கொண்டு வருவதை ஃபார்மேட் மெனுவில் எடுத்துவிட்டால் இடப்பக்கம் நிறைய இடம் மிஞ்சும். பெரிதாக்கினாலும் தெளிவு குறையாத எஸ்விஜி படமாகச் சேமித்தால் கட்டுரையில் போட எழுத்து கலங்காமல் வரும்.

முழு குரோமோசோமில் ரீட்களை, அதாவது சீக்வென்சிங் கருவி படித்துத் தரும் டிஎன்ஏ துண்டுகளை, பார்க்க வேண்டும் என்றால் இது அதற்கானதல்ல, ஐஜிவி என்ற மென்பொருள் பக்கம் போங்கள்.