புதுக் கார் வாங்குவோருக்கு: ‘ஆன்-ரோடு’ விலைக்குள் ஒளிந்திருக்கும் தொகைகள்

முதல் முறையாகப் புதுக் கார் வாங்கவிருப்பவர்கள், ஷோரூமில் முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்த பிறகு ஷோரூம்களில் கூட்டம் கூடியது. அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக மதுரையில் ஒரு விற்பனையாளரிடம் நானும் ஒரு பெட்ரோல் கார் வாங்கினேன். வரி குறைந்ததால் மிச்சமாக வேண்டிய பணத்தில் கணிசமான பகுதி எந்தெந்த வழிகளில் என்னிடமிருந்து திரும்பப் பிடுங்கப்பட இருந்தது, அதில் எதைத் தடுக்க முடிந்தது, எதை முடியவில்லை என்பதைத் தொகைகளோடு சொல்கிறேன். விற்பனை நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். விசாரித்த வரையில் இது ஒரு கடையோடு நிற்கிற பழக்கமாகத் தெரியவில்லை.

எனக்குத் தரப்பட்ட கொட்டேஷன் ஒரே ஒரு தாள். அதன் மேல்பாதி கணினியில் அச்சிடப்பட்டது. கீழ்ப்பாதியில் உள்ளவை பால்பாயிண்ட் பேனாவால் எழுதப்பட்டவை. அச்சில் இருந்தவை இரண்டே வரிகள்: எக்ஸ்-ஷோரூம் விலை (வாழ்நாள் வரி, காப்பீடு, பதிவுச் செலவு சேராத வண்டி விலை) 9,20,000 ரூபாய், வாழ்நாள் வரி 1,19,600 ரூபாய். இவற்றில் குறை இல்லை. தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான கார்களுக்கு வாழ்நாள் வரி 13 விழுக்காடு என்பதால், அந்தக் கணக்கை யாரும் வீட்டிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். பேனாவால் எழுதப்பட்ட வரிகளில்தான் விஷயம் இருந்தது. இன்சூரன்ஸ் 57,800, பதிவுச் செலவு 9,500, ஹேண்ட்லிங் சார்ஜ் 8,500, நம்பர் பிளேட் 1,200, ‘எசென்ஷியல் கிட்’ 14,900, கோட்டிங் பேக்கேஜ் (துருத் தடுப்புப் பூச்சு) 16,500, கூடுதல் வாரண்டி 17,200 என்று எழுதிக் கூட்டி, வண்டி சாலைக்கு வரும் வரையிலான மொத்தச் செலவாக 11,65,200 என்ற தொகையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, “ஆன்-ரோடு இவ்வளவுதான் சார், இதற்கு மேல் ஒரு பைசா கிடையாது” என்றார் விற்பனைப் பிரிவு இளைஞர். விலைக்கும் வரிக்கும் அப்பால் அந்தத் தாளில் இருந்தது 1,25,600 ரூபாய்.

இவற்றில் மிகப் பெரியது இன்சூரன்ஸ். உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2018 செப்டம்பர் முதல் புதுக் கார்களுக்கு மூன்றாண்டு மூன்றாம் தரப்புக் காப்பீடு (நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் இழப்புக்கானது) கட்டாயம், 1000 சி.சி.க்கு மேல் 1500 சி.சி. வரையிலான கார்களுக்கு அதன் பிரீமியம் 10,640 ரூபாய் என்று அரசு நிர்ணயித்திருக்கிறது. இதில் எந்த நிறுவனமும் ஒரு ரூபாய் கூட்டவோ குறைக்கவோ முடியாது. விளையாட்டு முழுவதும் நடப்பது வண்டியின் சொந்தச் சேதத்துக்கான ஓராண்டுப் பகுதியில்தான். அங்கே காப்பீட்டு நிறுவனங்கள் தாராளமாகத் தள்ளுபடி தருகின்றன. ஷோரூம் வழியாக எடுக்கும்போது அந்தத் தள்ளுபடி நமக்கு வருவதில்லை, அல்லது பெயருக்கு வருகிறது. நான் அதே காப்பீட்டு மதிப்புக்கு (வண்டி முழுவதும் சேதமானாலோ திருட்டுப் போனாலோ கிடைக்கும் தொகை), அதே பம்பர் டு பம்பர் (தேய்மானம் கழிக்காத இழப்பீடு), எஞ்சின் பாதுகாப்பு முதலான சேர்க்கைகளோடு வெளியே விசாரித்தபோது 35,400 ரூபாய்க்குக் கிடைத்தது. காப்பீட்டு மதிப்பைக் குறைத்துக் காட்டிப் பிரீமியத்தைக் குறைக்கும் வேலை வெளியிலும் நடப்பதுண்டு என்பதால், ஒப்பிடும்போது ஐ.டி.வி. எனப்படும் அந்த மதிப்பு இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். புதுக் காருக்கு அது பொதுவாக எக்ஸ்-ஷோரூம் விலையில் 95 விழுக்காடு. உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு உங்களிடம் தனியாக ஏற்கெனவே இருந்தால், அதை இங்கே மறுபடியும் வாங்க வேண்டியதில்லை என்பதையும் ஷோரூமில் யாரும் சொல்வதில்லை.

வெளியே எடுக்கப்போகிறேன் என்று சொன்னதும் மூன்று பதில்கள் வந்தன. வெளி பாலிசிக்கு எங்கள் ஒர்க்‌ஷாப்பில் கேஷ்லெஸ் (பழுதுச் செலவைக் காப்பீட்டு நிறுவனமே நேரடியாகக் கட்டும் வசதி) கிடையாது என்பது முதலாவது. இது வெறும் மிரட்டல். கேஷ்லெஸ் வசதி அந்தக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் இடையிலான ஒப்பந்தத்தைப் பொறுத்தது. பாலிசியை யார் விற்றார்கள் என்பதைப் பொறுத்ததல்ல. காப்பீட்டு நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள பட்டியலில் அதே ஒர்க்‌ஷாப்பின் பெயர் இருந்ததைக் கைப்பேசியில் காட்டினேன். பேச்சு அடுத்ததற்குத் தாவியது. தருவதாகச் சொன்ன 10,000 ரூபாய்த் தள்ளுபடி இனிக் கிடையாது என்பது இரண்டாவது. தயாரிப்பு நிறுவனம் அறிவிக்கும் சலுகையை இப்படி நிறுத்த முடியாது. ஆனால் இது விற்பனையாளர் தன் லாபத்திலிருந்து தருவது என்றார்கள், நானும் விட்டுவிட்டேன். அதை இழந்தும் எனக்கு 12,400 ரூபாய் மிச்சம். தள்ளுபடி என்ற சொல்லைக் கேட்டு மயங்காமல் இரண்டு மொத்தத் தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

மூன்றாவது பதில் வாயால் சொல்லப்படவில்லை, அதுதான் ஆபத்தானது. பாலிசி எடுக்க எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வேண்டும். வண்டி ஒதுக்கப்பட்ட பிறகும் இந்த எண்களைத் தராமல், “யார்டிலிருந்து வரவில்லை”, “சிஸ்டத்தில் ஏறவில்லை” என்று இழுத்தடித்து, டெலிவரிக்கு முந்தைய நாள் மாலையில், வேறு வழியில்லாத நேரத்தில், நம்மைத் தங்கள் பாலிசிக்குள் தள்ளிவிடுவதே உத்தி. நான் தொலைபேசியை விட்டுவிட்டு, எண்களைத் தராததற்கான காரணத்தை எழுத்தில் கேட்டு ஷோரூமுக்கு மின்னஞ்சல் அனுப்பி, தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை முகவரிக்கும் நகல் வைத்த பிறகு, அன்றே எண்கள் வந்து சேர்ந்தன.

அந்த மின்னஞ்சலிலேயே மற்ற வரிகளையும் கேள்வி கேட்டிருந்தேன். ஹேண்ட்லிங் சார்ஜ் என்பது யார்டிலிருந்து ஷோரூமுக்கு வண்டியைக் கொண்டுவரும் செலவு என்று நேரில் விளக்கியிருந்தார்கள். ஷோரூம் வாசல் வரை வந்து சேர்ந்த வண்டியின் விலைக்குத்தானே எக்ஸ்-ஷோரூம் விலை என்று பெயர்? 2019 ஏப்ரல் 1 முதல் தயாராகும் வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டை உற்பத்தியாளரே தர வேண்டும், அதன் செலவும் வண்டி விலைக்குள் அடக்கம். ஆகவே அந்த 1,200 ரூபாய்க்கும் இடமில்லை. இரண்டையும் எந்த விதியின்கீழ் வசூலிக்கிறீர்கள் என்று எழுத்தில் கேட்டதற்கு விளக்கம் வரவில்லை; இரண்டு வரிகளும் நீக்கப்பட்ட புதிய கொட்டேஷன் வந்தது. பதிவுச் செலவில் அரசுக்குப் போவது காருக்கு 600 ரூபாய், கடன் இருந்தால் அதைப் பதிய 1,500, இவற்றோடு ஸ்மார்ட் கார்டு, சாலைப் பாதுகாப்பு வரி போன்ற சில தொகைகள். எல்லாம் சேர்ந்தும் என்னிடம் கேட்ட 9,500-இல் பாதிகூட வரவில்லை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அரசுக்குக் கட்டிய ரசீதுகளின்படி மட்டுமே தருவேன் என்று சொல்லி அப்படியே தந்தேன். ரசீதுகளை அரசின் பரிவாகன் இணையதளத்தில் நாமே சரிபார்க்கலாம்.

எசென்ஷியல் கிட் என்பதில் இருந்தவை மிதியடிகள், மட் ஃபிளாப், உறை, ஒரு வாசனைப் புட்டி, ஸ்டீயரிங் கவர். கீழவெளி வீதிப் பக்கம் இதே தரத்தில் பாதி விலைக்குள் முடிந்துவிடும். இதை வாங்கினால்தான் வண்டி சீக்கிரம் ஒதுக்கப்படும் என்று ஜாடையாகச் சொன்னார்கள். ஒரு பொருளை விற்க இன்னொரு பொருளை வாங்கியே ஆக வேண்டும் என்று நிபந்தனை விதிப்பது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(41) பிரிவில் ‘கட்டுப்படுத்தும் வணிக முறை’களுள் ஒன்றாகச் சொல்லப்பட்டிருக்கிறது. கூடுதல் வாரண்டியைப் பொறுத்தவரை அது வீண் என்று சொல்ல மாட்டேன். பெரும்பாலான நிறுவனங்களில் முதல் வாரண்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம், ஆகவே டெலிவரி நாளில் முடிவெடுக்க வேண்டிய அவசரம் இல்லை. அந்த இளைஞர்மீது எனக்குக் கோபமும் இல்லை. ஒவ்வொரு வண்டிக்கும் இவ்வளவு ரூபாய்க்கு அக்சஸரீஸ் விற்றாக வேண்டும் என்று அவருக்கு மேலிருந்து இலக்கு இருக்கிறது என்பதை அவரே ஒரு தளர்ந்த தருணத்தில் சொன்னார்.

என்னால் தடுக்க முடியாமல் போனது கோட்டிங். வேண்டாம் என்று மின்னஞ்சலில் தெளிவாக எழுதியிருந்தேன். வெள்ளிக்கிழமை காலை, 10.30 மணிக்கு ராகு காலம் தொடங்கும் முன் வண்டியை எடுத்துவிட வேண்டும் என்று என் தாயார் விரும்பியதால், 10 மணிக்கு டெலிவரி என்று குறித்திருந்தோம். போனபோது வண்டிக்கு மாலை போட்டு, சிவப்புத் துணி மூடி, கேக்கும் அட்டையில் செய்த ஆளுயரச் சாவியும் தயாராக வைத்திருந்தார்கள். புகைப்படக்காரர் எங்களை நிறுத்திக்கொண்டிருந்தபோது கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து, கோட்டிங் ஏற்கெனவே போட்டாகிவிட்டது, 16,500 பாக்கி, அதைக் கட்டினால்தான் கேட் பாஸ் என்றார். முன்கண்ணாடியின் மூலையில் கோட்டிங் செய்ததற்கான ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்தால் ஒரு வரிசையில் கறுப்புப் பசை திட்டுத்திட்டாக இருந்தது, அடுத்த வரிசையில் ஒன்றுமே இல்லை. தொழிற்சாலையிலேயே காரின் உடற்கூடு முழுவதும் துருத் தடுப்புப் பூச்சுக்குள் முக்கி எடுக்கப்படுகிறது. அதன்மீது இந்த அரைகுறை வேலையால் என்ன பயன் என்று எனக்கு விளங்கவில்லை. தந்த பில்லிலும் ‘எஸ்டிமேட்’ என்றுதான் அச்சிட்டிருந்தது, ஜி.எஸ்.டி. எண் இல்லை.

நல்ல நேரம் முடியப்போகிறது, வீட்டார் எல்லாரும் நிற்கிறார்கள், இந்த நேரத்தில் யாரும் சண்டை போட மாட்டார்கள் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். தாளில் வரும் தொகைகளை விட இந்த நேரக் கணக்கைப் பற்றித்தான் நான் அதிகம் எச்சரிக்க விரும்புகிறேன். ஆகவே டெலிவரிக்கு ஓரிரு நாள் முன்பே வண்டியை நேரில் பார்த்துவிட்டு, இறுதி பில்லையும், பாக்கி ஏதுமில்லை என்ற வரியையும் எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது. முகூர்த்த நேரத்தை ஷோரூமில் சொல்லாமல் இருப்பது இன்னும் நல்லது.

பணத்தை வங்கி வழியாகவே அனுப்பி, ‘ஆட்சேபத்துடன் செலுத்தப்படுகிறது, நான் கேட்காத வேலை’ என்று பில்லின் இரு பிரதிகளிலும் எழுதிக் கையெழுத்திட்டு, ஸ்டிக்கரையும் அடிப்பகுதியையும் படம் எடுத்துக்கொண்டுதான் வண்டியை எடுத்தேன். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். ஷோரூம் அழைத்து, பணத்துக்குப் பதிலாக இலவச வாட்டர் வாஷ் கூப்பன்கள் தருவதாகச் சொன்னது, மறுத்துவிட்டேன். இப்போது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கான மனுவைத் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் இல்லாமல் நாமே வாதாடலாம், இணையம் வழியாகவும் மனு தாக்கல் செய்யலாம்.

கடனில் வாங்குபவர்களுக்கு இன்னொன்று. ஷோரூமில் உட்கார்ந்திருக்கும் கடன் முகவர் மாதத் தவணையை மட்டுமே சொல்வார். அதற்குள் கடன் பாதுகாப்புக் காப்பீடு என்ற பெயரில் ஒரு பெரிய தொகை அசலோடு சேர்க்கப்பட்டிருக்கலாம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2024 அக்டோபர் முதல் சில்லறைக் கடன்கள் எல்லாவற்றுக்கும் ‘முக்கிய விவரக் குறிப்பு’ தரப்பட வேண்டும். எல்லாக் கட்டணங்களும் சேர்ந்த உண்மையான ஆண்டு வட்டி அதில் இருக்கும். அதைக் கேட்டு வாங்கிப் படித்த பிறகு கையெழுத்திடுங்கள். 10 லட்சத்துக்கு மேல் விலையுள்ள காருக்கு வசூலிக்கும் 1 விழுக்காடு டி.சி.எஸ். (விற்பவர் வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) முறையானதுதான், ஆனால் அது உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் துறையின் இணையதளத்தில் பார்த்து, வருமான வரிக் கணக்கில் அதைத் திரும்பக் கோர மறக்க வேண்டாம்.