ஹம்மர் எச்20: நல்ல கருவிதான், மாட்டுவதில்தான் கோளாறு

கப்பல் மூழ்கினால் ஏறித் தப்பிக்கும் லைஃப்ராஃப்டை மடித்து வைத்திருக்கும் கேனிஸ்டரை, அதன் தாங்கியான கிரேடிலோடு சேர்த்துக் கட்டியிருக்கும் பட்டை முடிகிற இடத்தில் உள்ளங்கை அளவில் ஒரு பிளாஸ்டிக் கட்டை தெரியும். அதுதான் ஹைட்ரோஸ்டேட்டிக் ரிலீஸ் யூனிட், கப்பல்காரர் பேச்சில் எச்.ஆர்.யூ. ராஃப்டை இறக்க ஆளில்லாமலே கப்பல் முழுகிப்போனால் ராஃப்டை அவிழ்த்து மேலே அனுப்புவது இதன் வேலை. ஸ்வீடனின் சி.எம். ஹம்மர் தயாரிக்கும் எச்20 உலகம் முழுக்கப் புழங்குகிறது.

உள்ளே ஸ்பிரிங் ஏற்றிய ஒரு கத்தி இருக்கிறது. கருவி 1.5 முதல் 4 மீட்டர் ஆழத்துக்குள் போனதும் தண்ணீர் அழுத்தம் கத்தியை விடுவிக்கும், கத்தி பட்டையைக் கிரேடிலோடு பிடித்திருக்கும் வெள்ளைக் கயிற்றை அறுக்கும், பட்டை தளர்ந்து கேனிஸ்டர் மிதந்து எழும்பும். அலை டெக்கில் ஏறி அடித்தாலோ, ஹோஸ் வைத்துக் கழுவினாலோ அசையாது. கப்பல் இன்னும் இறங்க இறங்க, ராஃப்டைக் கப்பலோடு இணைக்கும் பெயின்டர் என்ற கயிறு முழுவதும் உருவப்பட்டு, கடைசி இழுப்பில் கேஸ் சிலிண்டர் திறந்து ராஃப்ட் ஊதும்.

இதுவரை எந்த எச்.ஆர்.யூவும் செய்யும். எச்20-இன் அழகு சிவப்பு நிற வீக் லிங்க்கில், அதாவது வேண்டுமென்றே பலவீனமாக வைத்த இணைப்பில் இருக்கிறது. பெயின்டரின் நுனி ஒரு ஷேக்கிள் (ஆணி போட்டுப் பூட்டும் உலோகக் கொக்கி) வழியாக ஒரு வளையத்தில் மாட்டப்படும். அந்த வளையத்தை வெள்ளைக் கயிறும் பிடித்திருக்கிறது, சிவப்பு லிங்க்கும் பிடித்திருக்கிறது. ஆட்கள் கையால் ராஃப்டை எறியும்போது வெள்ளைக் கயிறு அறுபடுவதில்லை. பெயின்டர் கப்பலோடு உறுதியாக நிற்கும், ராஃப்ட் அடித்துக்கொண்டு போகாது. கத்தி அறுத்த பிறகோ மிச்சம் இருப்பது சிவப்பு லிங்க் மட்டும். அது 2.2 கிலோநியூட்டன் சுமையில், 0.4 முன்பின்னாக, அறுபட வேண்டும் என்பது எல்.எஸ்.ஏ. கோடு, அதாவது உயிர்காப்புக் கருவிகளுக்கான சர்வதேச விதித்தொகுப்பு. கிட்டத்தட்ட 225 கிலோ இழுப்பு. கேனிஸ்டரிலிருந்து பெயின்டரை உருவும் இழுப்புக்கு அறாது. ஊதிய ராஃப்ட் மேல்நோக்கி இழுக்கும் இழுப்புக்கு அறுந்துவிடும். ஒரே கருவி இரண்டு நிலைமைக்கும் பொருந்துவது இதனால்தான்.

ஆனால் மாட்டுகிறவர் ஒரு ஷேக்கிளை இடம் மாற்றிவிட்டால் இத்தனையும் வீண். அதிகம் பார்க்கக் கிடைக்கும் தவறு, பெயின்டரை நேராகக் கிரேடிலிலோ டெக் வளையத்திலோ கட்டிவிடுவது. "எதற்கும் இருக்கட்டும்" என்று செய்வார்கள். பத்துப் பேருக்கான ராஃப்டின் பெயின்டர் அமைப்புக்கு குறைந்தது 10 கிலோநியூட்டன் பலம் இருக்க வேண்டும். இடையில் வீக் லிங்க் இல்லாவிட்டால் கப்பல் ராஃப்டையும் சேர்த்துக் கீழே இழுத்துக்கொள்ளும். இரண்டாவது, பெயின்டரை எங்கேயுமே மாட்டாமல் விடுவது: கேனிஸ்டர் மிதக்கும், ஆனால் ஊதாது. மூன்றாவது, பட்டையின் நுனியில் இருக்கும், தட்டினால் திறக்கும் ஸ்லிப் ஹூக்கை வெள்ளைக் கயிற்றின் கண்ணில் மாட்டாமல் கிரேடிலில் மாட்டுவது. கத்தி தன் கடமையைச் செய்யும், பட்டை அப்படியே இறுகிக் கிடக்கும். மோசமான வானிலைக்கு என்று கேனிஸ்டரைச் சுற்றி இன்னொரு கயிறு போட்டாலும் இதே கதி.

சரிபார்க்க ஒரு எளிய வழி உண்டு. வெள்ளைக் கயிற்றில் விரலை வைத்து, "இது அறுந்துவிட்டது" என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது கேனிஸ்டரைக் கப்பலோடு பிடித்திருப்பது எது? சிவப்பு லிங்க் ஒன்றுதான் என்றால் சரி. வேறு ஏதாவது கண்ணில் பட்டால் தவறு. அடுத்து ஸ்லிப் ஹூக்கைத் தட்டித் திறந்ததாக நினையுங்கள். பட்டை முழுவதும் கழன்று, பெயின்டர் மட்டும் கப்பலில் நிற்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரு நிமிடம் ஆகாது.

பராமரிப்பைப் பொறுத்தவரை எச்20-க்கு வருடாந்தர சர்வீஸ் கிடையாது. மாட்டிய மாதத்திலிருந்து இரண்டு வருடம், பிறகு கழற்றிப் புதிது. லேபிளில் காலாவதி மாதத்தையும் வருடத்தையும் குறித்தே ஆக வேண்டும். இன்ஸ்பெக்டர் முதலில் குனிந்து பார்ப்பது அதைத்தான், குறிக்காத லேபிள் காலாவதியானதற்குச் சமம். வருடா வருடம் ஷாப்புக்கு அனுப்பி அழுத்தச் சோதனை செய்ய வேண்டிய பழைய உலோக வகையோடு ஒப்பிட்டால் இது பெரிய நிம்மதி. குறை என்னவென்றால், மாட்டியிருக்கும் கருவி வேலை செய்யுமா என்று சோதித்துப் பார்க்கவே முடியாது. தேதியையும் தயாரிப்பாளரையும் நம்ப வேண்டியதுதான். வெள்ளைக் கயிறு நைந்திருந்தாலோ, உடலில் கீறல் விழுந்திருந்தாலோ தேதி மிச்சமிருக்கிறதே என்று பார்க்காமல் மாற்றிவிட வேண்டும்.

பெயின்டர் என்பது கயிற்றின் பெயர் என்றாலும், எச்.ஆர்.யூக்களைக் கெடுப்பதில் நிஜப் பெயின்ட்டுக்கும் பங்குண்டு. கிரேடிலுக்கு அடிக்கும்போது இதையும் சேர்த்து ஒரு பூச்சு பூசினால் தண்ணீர் உள்ளே போகும் வழி அடைபடும், லேபிளும் மறையும். வேலை தொடங்கும் முன் துணி சுற்றி, முடிந்ததும் மறக்காமல் அவிழ்க்க வேண்டும்.

இந்தக் கருவியால் முடியாததும் உண்டு. கவிழ்ந்த படகு முழுகாமல் தலைகீழாக மிதந்து, ராஃப்ட் 1.5 மீட்டரைத் தொடாவிட்டால் கத்தி விடுபடாது. ராஃப்டுக்கு மேலே கூரையோ குறுக்குக் கம்பியோ இருந்தால், அவிழ்ந்த கேனிஸ்டர் அதில் முட்டி நின்றுவிடும். இடம் தேர்வு செய்யும்போதே தலைக்கு மேலே பார்க்க வேண்டும்.

இபெர்ப் (ஆபத்தில் ரேடியோ சமிக்ஞை அனுப்பும் மிதவைக் கருவி) கூட்டுக்குள் வரும் எச்20 வேறு மாடல், ராஃப்ட்டுக்கு உரியதை அங்கே மாட்ட முடியாது. அங்கேயும் இபெர்பின் லேன்யார்டு கயிற்றைக் கப்பலில் கட்டக் கூடாது.

வாங்கும்போது ராஃப்டின் அளவைச் சொல்லி அதற்குரிய வகையைக் கேளுங்கள். பழையதைக் கழற்றியதும் அதன் வெள்ளைக் கயிற்றை வெட்டிவிட்டுக் குப்பைக்கு அனுப்புங்கள். ஸ்டோரில் முழுசாகக் கிடந்தால் அவசரத்தில் யாராவது அதையே எடுத்துத் திரும்ப மாட்டிவிடுவார்கள்.