இழுத்து வைப்பதா, எழுதிக் கட்டுவதா?

இணையதளம் கட்டுவதில் கோடு (code, அதாவது நிரல்) எழுதுவதுதான் ஆதி முறை, திரையில் பார்த்துக்கொண்டே இழுத்து வைத்து வடிவமைப்பது பின்னால் வந்த சொகுசு என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1990-இல் எழுதிய முதல் பிரவுசரிலேயே பக்கத்தைத் திறந்த இடத்தில் திருத்த முடிந்தது. அப்புறம் ஃப்ரன்ட்பேஜ், ட்ரீம்வீவர், இப்போது விக்ஸ், வெப்ஃப்ளோ என்று பார்த்தபடியே கட்டும் விஷுவல் கருவிகள் வந்தன. சண்டை பழசுதான்.

வேகத்தில் போட்டியே கிடையாது. ஒரே மாலையில் பார்க்கும்படியான தளம் வேண்டுமென்றால் விஷுவல் கருவிதான். தளத்தை இணையத்தில் ஏற்றிவைக்கும் ஹோஸ்டிங், பார்வையாளர் நிரப்பும் ஃபார்ம் எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும்.

அது உள்ளே என்ன எழுதுகிறது என்று எட்டிப் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும். ஒரு பட்டனை எடுத்துக்கொள்வோம். கையால் எழுதுபவர் பக்கத்தின் அமைப்பை எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல்லில் பட்டனுக்கென்றே உள்ள டேக்கை (குறியை) போடுவார், ஒரே வரி. டேப் விசையை அழுத்தினால் அதில் போய் நிற்கும், என்டர் தட்டினால் வேலை செய்யும், பார்வையற்றோர் பயன்படுத்தும் ஸ்க்ரீன் ரீடர் அதைப் பட்டன் என்றே வாசிக்கும். எல்லாம் பிரவுசர் இலவசமாகத் தருவது. இழுத்துவிடும் கருவிகள் சிலவற்றில் அதே பட்டன் டிவ்வுக்குள் டிவ்வாக (டிவ் என்பது தனி அர்த்தமில்லாத வெறும் பெட்டி) நாலு அடுக்கில் கிடக்கும். மவுஸுக்குப் பதில் சொல்லும், கீபோர்டுக்குச் சொல்லாது. திரையில் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை. (கையால் எழுதுபவர்களிலும் டிவ் பைத்தியங்கள் உண்டு, அது வேறு கதை.)

நிறம் மாற்றுவதிலும் இதே கதை. பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸில், நிறத்துக்குப் பெயர் வைத்த ஒரு மாறியை (variable) திருத்தினால் தளம் முழுக்க மாறும். விஷுவல் கருவியிலும் பொது நிறம் வைக்கலாம். அவசரத்தில் ஒவ்வொரு பெட்டியாக வண்ணமடித்தவர்தான் பிறகு பக்கம் பக்கமாக அலைவார்.

கருவியை விட்டு வெளியேறும்போதுதான் உண்மையான செலவு தெரியும். ஃப்ரன்ட்பேஜ் காலத்தில் அதன் ஃபார்மும் ஹிட் கவுன்டரும் தனி நீட்சிகள் நிறுவிய சர்வரில்தான் ஓடின. இன்று விக்ஸில் கட்டிய தளத்தை அப்படியே வேறு சர்வருக்குத் தூக்கிப்போக முடியாது. வெப்ஃப்ளோ கட்டணத் திட்டங்களில் கோப்புகளைத் தரும், ஆனால் வெளியே போனதும் ஃபார்ம் ஓடாது. கையால் எழுதிய சாதாரணக் கோப்புகளை எந்த சர்வரிலும் போடலாம்.

சரி, கைக்கோடுக்கு ஓட்டுப் போட்டுவிடலாமா? அதற்கும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. தளத்தின் சொந்தக்காரர் ஒரு ஃபோன் நம்பரை மாற்றக்கூட எழுதியவரைத் தேட வேண்டும். அவர் ஊரில் இல்லையென்றால் பழைய நம்பர் அப்படியே கிடக்கும். வாரம் ஒருமுறை விஷயம் மாறும் தளத்துக்கு இது பெரிய தலைவலி.

என் ஓட்டு கலப்புக்குத்தான். சட்டகத்தைக் கையால் எழுதிவிட்டு, உள்ளடக்கத்தை மட்டும் சொந்தக்காரரே திருத்தும்படி விடுவது. தளத்தின் உள்ளடக்கத்தை நிர்வகிக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸின் 5.0 பதிப்போடு 2018 டிசம்பரில் வந்த பிளாக் எடிட்டர் (பத்தி, படம் என்று துண்டு துண்டாகத் திருத்தும் கருவி) இதற்குத் தோதானது. தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் தீம் கோப்பிலேயே இஷ்ட நிறம் தேர்ந்தெடுக்கும் வசதியை மூடிவைக்கலாம். அதை மட்டும் நான் கட்டாயம் மூடிவிடுவேன்.